எல்கோ நெடுஞ்சாலையில் மார்மன் கிரிக்கெட்டுகள்

2023 ஜூன் மாதம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், எல்கோ நகரை நெருங்கும் நெடுஞ்சாலையில், எங்களுக்கு முன்னால் தார்ச்சாலையே செம்பழுப்பாக ஊர்வதைப் பார்த்து வண்டியின் வேகத்தைக் குறைத்தோம். மார்மன் கிரிக்கெட் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் அனாப்ரஸ் பேரினத்துப் பூச்சிகள் அவை. நீண்ட உணர்கொம்புகளுள்ள பச்சை வெட்டுக்கிளிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் இவற்றால் பறக்க இயலாது. கேடயம் போன்ற கழுத்துத் தகட்டின் அடியில் ஒளிந்திருக்கும் ஆண் பூச்சியின் குட்டை இறகுகள், ஒன்றோடொன்று உரசி ஒலியெழுப்பிப் பெண்ணை அழைப்பதற்கு மட்டுமே பயன்படுகின்றன.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். சக்கரத்தில் நசுங்கிக் கிடந்த ஒன்றின் வயிற்றை நாலைந்து பூச்சிகள் சூழ்ந்துநின்று தின்றுகொண்டிருந்தன. அடுத்து வந்த லாரி அவற்றையும் நசுக்கிச் செல்ல, அவற்றைத் தின்ன வேறு சில வந்து சேர்ந்தன. வாள் போன்ற முட்டையிடு உறுப்பு நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பூச்சி, பின்னங்கால் ஒன்றை இழந்த நிலையிலும் நிற்காமல் நடந்தது.

அது ஏன் நிற்கவில்லை என்பதற்கு 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் விடை இருக்கிறது. கூட்டமாகச் செல்லும் இப்பூச்சிகளுக்குப் புரதமும் உப்பும் போதாமல் போகின்றன. அவை இரண்டும் நிறைந்த உணவு பக்கத்தில் நடக்கும் தன்னினமே என்பதால், நிற்கும் பூச்சியைப் பின்னால் வருவது கடித்துவிடுகிறது. செய்தித்தாள்கள் இதைப் ‘படையெடுப்பு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பசித்த அண்டைவீட்டாருக்குப் பயந்து ஓடும் கூட்டம் என்பதே பொருத்தம். இத்தகைய பஞ்சத்தில், தன் எடையில் ஏறத்தாழ கால் பங்குள்ள சத்துப்பொதியை விந்துடன் சேர்த்து அளிக்கும் ஆணுக்காகப் பெண்கள் போட்டியிடுவதும், ஆண் எடை மிகுந்த பெண்ணைத் தேர்ந்தெடுப்பதும் வியப்பல்ல.

மண்ணில் இடப்பட்ட முட்டைகள் சில ஆண்டுகள்கூடப் பொரியாமல் கிடக்கக்கூடும் என்பதால், சில ஆண்டுகளில் இவை திடீரெனப் பெருகிவிடுகின்றன. கோடைத் தொடக்கத்தில் அப்பக்கம் செல்பவர்கள், நசுங்கிய பூச்சிகளால் சாலை வழுக்கும் என்பதை மனத்தில்கொண்டு மெதுவாகச் செல்லுங்கள். திடீரென்று பிரேக் போடாதீர்கள். ஊர் சேர்ந்ததும் ரேடியேட்டர் முகப்பை உடனே கழுவிவிடுவது நல்லது, வெயிலில் காய்ந்தால் நாற்றம் தாங்காது.