மறு: ‘சர்க்கரைக் குறியீடு’ சரியா?

மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்:
கையேட்டு வரைவில் கிளைசெமிக் இண்டெக்ஸுக்கு (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்) ‘சர்க்கரைக் குறியீடு’ என்று போட்டிருக்கிறது. வேறு சொல் உண்டா?

உணவியலாளர், அடையாறு:
மாற்றியே ஆக வேண்டும் ஐயா. பார்ப்பவர் உணவில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். வெள்ளைச் சர்க்கரைக்கே இந்த எண் 65தான். பொன்னிச் சோற்றுக்கு 70 வரும்.

அளக்கும் முறையைப் பாருங்கள். செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் வருமாறு உணவைக் கொடுத்து, 2 மணி நேரத்துக்கு அவ்வப்போது விரல்நுனி ரத்தம் எடுப்பார்கள். ரத்தச் சர்க்கரை வளைகோட்டில் ஏறிய பகுதியின் பரப்பு எவ்வளவு என்பதே கணக்கு. அதே ஆள் 50 கிராம் குளுக்கோஸ் குடித்தபோது வந்த பரப்பு 100. இப்படி 10 பேரின் சராசரி. 55 வரை குறைவு, 70 முதல் அதிகம். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது.

மொழிபெயர்ப்பாளர்:
‘சுகர் ஏறிடுச்சு’ என்றுதானே ஊரில் பேச்சு. அந்த ‘ஏறு’வையே எடுத்து ‘ஏற்றெண்’ எனலாமா? எண் குறைந்த உணவு ‘மெல்லேற்ற உணவு’?

உணவியலாளர்:
ஏற்றெண் அருமை. மெல்லேற்றம் வேண்டாம், அளப்பது பரப்பை, வேகத்தை இல்லை. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸின் எண் 20ஐ ஒட்டி நிற்பது அதன் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போய்விடுவதால். மிகுந்தால் அங்கேயே கொழுப்பாகப் படியும். ‘குறைந்த ஏற்றெண் உணவு’ என்றே இருக்கட்டும்.

மருத்துவர், தாம்பரம்:
கிளைசெமிக் லோடை, அதாவது சாப்பிடும் அளவையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கை, மறந்துவிட்டீர்கள். தர்பூசணியின் எண் 70ஐத் தாண்டும், ஆனால் 120 கிராம் துண்டில் மாவுச்சத்து சுமார் 6 கிராம்: 72 × 6 ÷ 100, நாலு சொச்சம். 150 கிராம் சோற்றில் 42 கிராம் என்றால் 29. ‘ஏற்றச்சுமை’ என்றால் காதில் லாரி ஓடுகிறது. ‘ஏற்றளவு’ எப்படி? எண் பண்டத்துக்கு, அளவு தட்டுக்கு.

விளக்கத்தில், குறைந்த ஏற்றெண் உணவு ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கலோரி சமமாக இருந்தால் உடற்கொழுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. நீரிழிவுக்காரர்களுக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஓரளவு இறங்கும், அவ்வளவே. உருளைக்கிழங்கைப் பொரித்தால் எண்ணெய் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அவித்ததைவிட எண் இறங்கும், கலோரி ஏறும். எண்ணை மட்டும் நம்பினால் சிப்ஸ்தான் பத்தியம்!

மொழிபெயர்ப்பாளர்:
சரி டாக்டர். முதலில் வருமிடத்தில் ‘ரத்தச் சர்க்கரை ஏற்றெண்’, பிறகு ‘ஏற்றெண்’, ‘ஏற்றளவு’. மெய்ப்புப் பார்ப்பவருக்கும் சொல்லிவைக்கிறேன்: றன்னகரம் போட்டு ‘ஏற்றென்’ ஆக்கிவிடப் போகிறார்.