2018-இல் நிறுவிய எலக்ட்ரம் வாலட்டில் வரும் அப்டேட் அறிவிப்பை நம்பலாமா?

குமுளி ஏலக்கடை (வினா)

அனைவருக்கும் வணக்கம். நான் கம்பத்தைச் சேர்ந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்து வருகிறேன். 2018 ஏப்ரலில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகன், எனக்குத் தர வேண்டியிருந்த ஒரு தொகைக்கு ஈடாக, கடை லேப்டாப்பில் எலக்ட்ரம் என்னும் வாலட்டை நிறுவி, அதில் சிறிது பிட்காயின் போட்டுக் கொடுத்தான். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை என் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதை யாருக்கும் காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனான். இப்போது அவன் கப்பல் வேலையில் இருப்பதால் பேசக் கிடைப்பதில்லை.

சென்ற வாரம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுக்கலாம் என்று எண்ணி, மகளின் கைப்பேசி வாலட்டுக்கு அனுப்ப முயன்றேன். கடவுச்சொல் கொடுத்து அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் பணம் போகவில்லை. அதற்குப் பதிலாக, பாதுகாப்பு காரணங்களுக்காக உடனே புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்று தடித்த எழுத்தில் ஓர் அறிவிப்பும் அதன் கீழே ஓர் இணைப்பும் வந்தன. அறிவிப்பு வாலட்டுக்கு உள்ளேயே வருவதால் உண்மையாகத்தான் இருக்கும் என்று மகள் சொல்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 7.

இன்னொரு கவலையும் உண்டு. இடுக்கி மழையின் ஈரத்தில் அந்தத் தாள் பூஞ்சை பிடித்து, ஏழாவது சொல்லின் பின்பாதியில் மை பரவிவிட்டது. முதல் ஐந்து எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. நான் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

போடி மெட்டு (பதில்)

அண்ணே, அந்த இணைப்பைத் தொட வேண்டாம். லேப்டாப்பின் இணையத் தொடர்பை இப்போதே துண்டித்துவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

உங்களுக்கு வந்தது எலக்ட்ரம் அனுப்பிய அறிவிப்பு அல்ல. எலக்ட்ரம் வாலட் தனியாக இயங்குவதில்லை; பலர் நடத்தும் சர்வர்களில் ஏதோ ஒன்றோடு இணைந்துதான் கணக்கைக் காட்டும், பணத்தை அனுப்பும். அந்த சர்வரை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். பழைய பதிப்புகள், அனுப்பும்போது சர்வர் தருகிற பிழைச்செய்தியை அப்படியே, தடித்த எழுத்தும் இணைப்பும் உட்பட, திரையில் காட்டிவிடும். 2018 டிசம்பரில் திருடர்கள் ஏராளமான போலி சர்வர்களை நிறுத்தி, இந்தப் பிழைச்செய்தி வழியாகவே போலி எலக்ட்ரமைப் பரப்பினார்கள். முதல் சில நாள்களிலேயே 200 பிட்காயினுக்கு மேல் பறிபோனது. 3.3.3 பதிப்பிலிருந்து இந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தையது.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2020 ஆகஸ்டு இறுதியில் ஒருவர், 2017-க்குப் பிறகு திறக்காமல் வைத்திருந்த எலக்ட்ரமைத் திறந்து பணம் அனுப்ப முயன்றபோது இதே அறிவிப்பைப் பின்பற்றி 1,400 பிட்காயினை இழந்ததாக, மென்பொருள்களின் மூலக்குறியீட்டை வெளியிடும் கிட்ஹப் தளத்தில் எழுதினார். நெடுநாள் மூடி வைத்திருந்து திறப்பவர்கள்தான் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். உங்கள் மனம் ஒப்பாமல் போனதே உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அண்ணே.

கொழிஞ்சாம்பாறை (பதில்)

வணக்கம் ஐயா. போடி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் ஓர் அவசரம் தெரிகிறது. உங்கள் பிட்காயின் அந்த லேப்டாப்புக்குள் இல்லை. அது உலகெங்கும் உள்ள பொதுப் பேரேட்டில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதைச் செலவழிக்கும் சாவி, அந்தச் சாவி பிறப்பது அந்தப் பன்னிரண்டு சொற்களிலிருந்துதான். வாலட் மென்பொருள் பழையதாகிவிட்டது என்பதால் ஒரு காசும் குறையாது. ஆகவே இன்று முடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. "உடனே" என்று யார் அவசரப்படுத்தினாலும், அந்த ஒரு சொல்லையே சந்தேகத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்களைக் கவனிப்போம். அந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. உங்களுக்கு ஐந்து எழுத்துகள் தெரிகின்றன என்றால் சொல் தொலையவில்லை; பட்டியலில் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அந்த எழுத்துகளை இங்கேயோ, உதவுகிறேன் என்று தனிச்செய்தி அனுப்புபவர்களிடமோ சொல்லாதீர்கள், என்னிடமும் சொல்லாதீர்கள். பட்டியலை வேறொரு கருவியில் திறந்து கண்ணால் பார்த்தால் போதும். தேடும் பெட்டியில் சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டாம். பிறகு பன்னிரண்டையும் பென்சிலால் புதிய தாளில் எழுதுங்கள். பென்சில் எழுத்து ஈரத்தில் பரவாது.

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த லேப்டாப்பில் இனி வாலட் வேலை எதையும் செய்ய வேண்டாம். நன்றாக அப்டேட் செய்யப்பட்ட வேறொரு கணினியில், எலக்ட்ரமின் அதிகாரப்பூர்வத் தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாக நீங்களே தட்டச்சு செய்து, நிறுவும் கோப்பையும் அதன் பக்கத்தில் இருக்கும் கையெழுத்துக் கோப்பையும் இறக்குங்கள். இரண்டாவது கோப்புதான் முக்கியம். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை.

ஏன் என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் எடுத்த மூட்டை கடைக்கு வந்ததும், ஏலச்சீட்டில் இருக்கும் எடையோடு ஒத்துப்போகிறதா என்று நிறுத்துப் பார்ப்பீர்கள். ஹாஷ் எனப்படும் எண் அந்த எடை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். ஆனால் மூட்டையை மாற்றியவனே சீட்டையும் எழுதியிருந்தால் எடை சரியாகத்தான் இருக்கும். தளத்தையே பிடித்துவிட்ட திருடன், கோப்போடு சேர்த்து ஹாஷையும் மாற்றிவிட முடியும். 2019 நவம்பர் 18 அன்று மொனேரோ என்னும் மற்றொரு கிரிப்டோ நாணயத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே கோப்புகள் மாற்றப்பட்டிருந்தன; இறக்கிய ஒருவர் ஹாஷ் ஒத்துப்போகவில்லை என்று கவனித்துச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது. அன்று திருடன் ஹாஷ் பட்டியலை மாற்றவில்லை. எப்போதும் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது.

கையெழுத்து அப்படியல்ல. கோப்பை வெளியிடுபவரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் போடப்படுவது. தளத்தைப் பிடித்தவனிடம் அந்தச் சாவி இருக்காது. அதைச் சரிபார்க்க ஜிபிஜி ஃபார் வின் என்னும் இலவசத் தொகுப்பில் வரும் கிளியோபாட்ரா என்னும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். எலக்ட்ரமை 2011-இல் தொடங்கிய தாமஸ் வோக்ட்லினின் பொதுச்சாவியை, அதாவது அவருடைய ரகசியச் சாவிக்கு இணையாக எல்லோருக்கும் வெளியிடப்பட்ட சாவியை, அதில் ஏற்றி, கையெழுத்துக் கோப்பைத் திறந்தால் முடிவைச் சொல்லிவிடும். அந்தப் பொதுச்சாவி உண்மையிலேயே அவருடையதுதானா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதற்கு 40 எழுத்துகள் கொண்ட கைரேகை எண் ஒன்று உண்டு. அதைக் கோப்பு இறக்கிய அதே பக்கத்தில் மட்டும் பார்க்காமல், கிட்ஹப்பில் இருக்கும் எலக்ட்ரமின் மூலக்குறியீட்டிலும், பல ஆண்டுகளுக்கு முன் பிறர் எழுதி வைத்த பதிவுகளிலும், வேறொரு கைப்பேசியில், வேறொரு இணைய இணைப்பில் பாருங்கள். கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் ஒப்பிடுவது போதாது. அந்த எட்டும் ஒத்துப்போகும்படி போலிச் சாவி செய்வது எளிது. நாற்பதையும் ஒப்பிட வேண்டும்.

செங்கோட்டை (பதில்)

அண்ணாச்சி, மேலே உள்ளவர் "நீங்களே தட்டச்சு செய்து" என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இதை இழந்து தெரிந்துகொண்டவன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புனலூரில் வேலை முடித்துவிட்டு இரவில் வந்து, என் வாலட்டைப் புதுப்பிக்கலாம் என்று ஒரு தேடுபொறியில் அதன் பெயரைப் போட்டேன். முதலில் வந்ததை அழுத்தினேன். அது விளம்பரம் என்பதும், முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது என்பதும் பிறகுதான் கண்ணில் பட்டன. தளம் அசலைப் போலவே இருந்தது. நிறுவி முடித்ததும், பழைய கணக்கை மீட்கப் பன்னிரண்டு சொற்களைக் கேட்டது; கொடுத்தேன். கால் மணி நேரத்தில் இருப்பு சுழியமாகிவிட்டது. பணம் எந்த முகவரிக்குப் போனது, அங்கிருந்து எங்கே பிரிந்தது என்று பேரேட்டில் கண்ணால் பார்க்க முடிந்தது, திரும்பப் பெற முடியவில்லை. 1930 எண்ணில் அழைத்துப் புகார் கொடுத்தேன். மனைவியிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று.

ஏற்கெனவே இயங்கும் வாலட்டைப் புதுப்பிக்கும்போது, முறையான மென்பொருள் கணினியில் இருக்கும் வாலட் கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்டேட்டுக்காகச் சொற்களைக் கேட்காது. இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன். நீங்கள் வேறு கணினிக்கு மாறுவதால் உங்களுக்குச் சொற்கள் தேவைப்படும், ஆனால் கையெழுத்தைச் சரிபார்த்து முடிக்கும்வரை அந்தத் தாளைப் பீரோவை விட்டு எடுக்காதீர்கள்.

சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். சாவி கணினிக்கு வெளியே இருப்பது நல்லதுதான். ஆனாலும் அத்தகைய கருவிகளை விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 2,72,000 பேரின் வீட்டு முகவரிகள் 2020-இல் வெளியே கசிந்த பிறகு, சிலருக்குப் போலிக் கருவியே தபாலில் வந்தது, பழைய கருவிக்கு மாற்று என்ற கடிதத்தோடு. கேட்காமல் வருவது எதுவானாலும் ஒன்றுதான், அண்ணாச்சி.

குமுளி ஏலக்கடை

மூவருக்கும் நன்றி. செங்கோட்டைத் தம்பிக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். வெளிப்படையாக எழுதியதற்குத் தனியாக நன்றி.

மகளின் புதிய கணினியில் கோப்புகளை இறக்கி, கிளியோபாட்ராவில் சோதித்தோம். ஒரு குழப்பம். கையெழுத்து செல்லும் என்கிறது, ஆனால் சாவி உறுதி செய்யப்படாதது என்றும் எச்சரிக்கிறது. பச்சை நிறமும் வரவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கையெழுத்துகள் இருப்பதாகவும் காட்டுகிறது. இதை ஏற்கலாமா? மகளின் கைப்பேசி வாலட்டையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை

ஏற்கலாம் ஐயா, கைரேகை எண்ணை நீங்கள் ஒப்பிட்டிருந்தால் மட்டும். அந்த எச்சரிக்கையின் பொருள், "கோப்பு இந்தச் சாவியால்தான் கையெழுத்திடப்பட்டது, இந்தச் சாவி யாருடையது என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை" என்பதே. நாற்பது எழுத்துகளையும் ஒப்பிட்டு முடித்தபின் கிளியோபாட்ராவிலேயே அந்தச் சாவியை நீங்கள் சான்றளித்தால் எச்சரிக்கை மறைந்துவிடும், அடுத்த அப்டேட்டுக்கும் அதே சாவி பயன்படும். கையெழுத்து செல்லாது என்று சிவப்பில் வந்தால் மட்டும் கோப்பை அழித்துவிடுங்கள்; மறுபடி முயன்று பார்க்கலாம் என்று நிறுவ வேண்டாம். எலக்ட்ரம் வெளியீடுகளில் ஒரே கோப்பில் பலர் கையெழுத்திடுவது வழக்கம். நீங்கள் சாவி ஏற்றாதவர்களின் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று காட்டும், அதில் தவறில்லை.

கைப்பேசியில் நிலைமை சற்று வேறு. ஏற்கெனவே நிறுவிய செயலியின் மேல், வேறு சாவியால் கையெழுத்திட்ட அப்டேட்டை ஆண்ட்ராய்டு ஏற்காது. ஆகவே முதன்முறை நிறுவும்போது சரியானதை நிறுவினோமா என்பதே கேள்வி. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பிலிருந்து நிறுவியிருந்தால் நீக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய லேப்டாப்பை நம்ப முடியாது என்பதால், புதிய எலக்ட்ரமில் பழைய சொற்களைக் கொடுத்து இருப்பைப் பார்த்ததோடு நிறுத்தாமல், புதிய சொற்களோடு இன்னொரு வாலட்டை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்தபின் மீதியை அனுப்புங்கள்.

குமுளி ஏலக்கடை

முடித்துவிட்டோம். நேற்று இரவு கடையைச் சாத்தியபின், மகள் கணினித் திரையில் இருந்த எண்ணை நான்கு நான்கு எழுத்தாக வாசிக்க, நான் என் கைப்பேசியில் வேறு இணைப்பில் திறந்து வைத்திருந்த எண்ணோடு விரல் வைத்து ஒப்பிட்டேன். பத்துத் தொகுதிகளும் ஒத்துப்போயின. மூன்றாவதில் எட்டையும் ஆங்கில "பி" எழுத்தையும் குழப்பிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தோம்.

பழைய சொற்களைக் கொடுக்கும்போது, ஏழாவது சொல்லை முழுதாக நிரப்பிப் பன்னிரண்டாவதையும் முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் உயிர்பெற்றது. இருப்பு அப்படியே இருக்கிறது. புதிய வாலட்டுக்குச் சிறு தொகை முதலில் போய்ச் சேர்ந்தது, இன்று காலை மீதியும் சேர்ந்துவிட்டது. புதிய சொற்களைப் பென்சிலால் இரண்டு தாள்களில் எழுதியிருக்கிறேன். ஒன்று குமுளியில் இருக்கும், மற்றொன்றை ஞாயிற்றுக்கிழமை கம்பத்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன்.