வெள்ளாற்று முகத்துவாரத்து மிதவை உயிரிகள்: வெப்பமா, உப்பா?

கிள்ளைப் பெண்:
பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில் விலங்கு மிதவை உயிரிகளை (நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சின்ன விலங்குகளை) பற்றி எம்.எஸ்சி. ஆய்வு செய்யப் போகிறேன். சென்னாக்கூனி (பொடி இறால்) இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை என்கிறார் அப்பா. கடல் சூடாவதுதான் காரணம் என்று எழுதலாமா? எதையெல்லாம் அளக்க வேண்டும்?

மிதவைவலை:
தங்கச்சி, வெப்பத்தை மட்டும் வைத்து எழுதிவிட வேண்டாம். அந்த ஆற்றில் வருஷக்கணக்காக வலை இழுத்தவன் சொல்கிறேன், அங்கே எந்த உயிர் தங்கும், எது போகும் என்பதை முதலில் முடிவு செய்வது உப்பு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் முகத்துவாரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். அப்போது வலையில் ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய விலங்குகள் வரும். தை பிறந்ததும் கடல்நீர் உள்ளே ஏறும். கோடையில் உப்பு ஆயிரத்துக்கு 30-ஐத் தாண்டும்போது அக்கார்ட்டியா, ஓய்த்தோனா போன்ற கோப்பிபாடுகள் (இறாலுக்கு உறவான பொடி உயிர்கள்) பெருகும். மீன் குஞ்சுகளுக்கு அவைதான் சோறு.

பருவநிலை மாற்றம் கைவைப்பது இந்த வரிசையில்தான். நாள் கணக்கில் பரவிப் பெய்ய வேண்டிய மழை இரண்டு மூன்று நாளில் கொட்டினால் உப்பு சட்டென்று விழும், இருந்த கூட்டம் மொத்தமும் கடலுக்கு அடித்துக்கொண்டு போகும். மழை பொய்த்தால் நன்னீர்க் கட்டமே வராது.

வெப்பம் இதற்கு மேல் வந்து சேர்கிறது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியது. சூட்டில் கோப்பிபாடு வேகமாக வளரும், ஆனால் சின்ன உடம்போடு பருவமடைந்துவிடும். அதனால் எண்ணிக்கை குறையாவிட்டாலும் குஞ்சு மீனுக்கு ஒரு வாய்க்குக் கிடைக்கும் இரை குறைந்துபோகும். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் இது படாது. ஆக்சிஜனையும் அளந்துகொள்ளுங்கள். கடல் அளவுக்கு உப்புள்ள நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும், 32 டிகிரியில் சுமார் 6-தான்.

வயக்காட்டான்:
எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட வேண்டாம் அண்ணே. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி எவ்வளவு தண்ணீர் கீழே போகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? முகத்துவாரத்தில் மணல் அடைத்தாலும் உப்பு மாறுமே.

மிதவைவலை:
நியாயமான பேச்சு. தங்கச்சி, மழைக் கணக்கோடு அணைக்கட்டில் திறந்துவிட்ட தண்ணீரின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் கையில் இல்லாமல் காரணம் சொல்ல முடியாது. கடல் ஏற்றம், வற்றம் இரண்டிலும் மாதிரி எடுங்கள். முடிந்தால் இரவிலும் எடுங்கள், பகலில் அடியில் கிடக்கும் பல உயிர்கள் இரவில்தான் மேலே வரும்.

கிள்ளைப் பெண்:
ரொம்ப நன்றி அண்ணா. எங்கள் துறையில் 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) கண்ணுள்ள வலைதான் இருக்கிறது, போதுமா?

மிதவைவலை:
அதோடு இன்னும் நுண்ணிய கண்ணுள்ள வலை ஒன்றையும் கேளுங்கள். ஓய்த்தோனாவும் கோப்பிபாட்டின் இளங்குஞ்சுகளும் 200-ல் நிறையவே நழுவிவிடும். சூடு ஏற ஏறச் சின்ன உடம்புகள் கூடுகின்றனவா என்பதுதானே கேள்வி. அவற்றையே வலை விட்டுவிட்டால் இருப்பதும் குறைந்ததாகத்தான் தெரியும்.