கணுக்காலுக்கு மேலே முறிந்தால் ராடா, பிளேட்டா?

பிசியோ_மதுரை: கணுக்காலுக்கு மேலே முறிந்தால் எலும்பின் மேல் ஒட்டி வைக்கும் பிளேட்தான், எலும்புக்குள் ராடு வைத்தால் கால் கோணிவிடும் என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார், படித்ததும் எரிச்சலாக வந்தது. பிரிட்டனில் 321 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. மூன்றாம் மாதத்தில் இயலாமை மதிப்பெண் ராடுக்கு 44, பிளேட்டுக்கு 53. கூடினால் சிரமம் அதிகம் என்று பொருள். மூன்றாம் மாதத்தைப் பாருங்கள்.

ஆர்த்தோ_கோவை: நேற்று சொன்னது நான்தான். அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வியே ஆறாம் மாதம் பற்றியது. அப்போது ராடுக்கு 30, பிளேட்டுக்கு 34. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. பிடித்த மாதத்தைப் பொறுக்கி எடுப்பது ஆராய்ச்சி ஆகாது.

வாசகி: முறிவு மூட்டுக்குள் இறங்கியிருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர் மேலே என்று யாருமே சொல்லவில்லையே?

பிசியோ_மதுரை: அதெல்லாம் அப்புறம். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு மூன்றாம் மாதம்தான் கணக்கு. அவனை நடக்க வைப்பது நாங்கள், தையல் பிரித்ததோடு நீங்கள் போய்விடுகிறீர்கள்.

ஆர்த்தோ_கோவை: குதிகால் முறிவு பற்றிய விவாதத்திலும் இதே புலம்பல்தான். 2011இல் வந்த அமெரிக்க ஆய்வில் 5 டிகிரியோ அதற்கு மேலோ கோணியது ராடில் 23 சதவீதம், பிளேட்டில் 8. கீழே எலும்பு அகன்று போவதால் ராடு உள்ளே ஆடும், இது தெரியாமல் பேச வேண்டாம்.

பிசியோ_மதுரை: ஆடாமல் இருக்கத்தான் ராடுக்குப் பக்கத்தில் தடுப்பு ஸ்குரூ போடுகிறார்கள். உங்களுக்குப் போட வராது என்றால் அது ராடின் குற்றமா? 2017 ஆய்வில் ஓராண்டுக்குள் மறு அறுவை சிகிச்சையும் பிளேட் வைத்தவர்களுக்குத்தான் அதிகம். மூன்றாம் மாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கால்_உடைந்தவன்: எனக்கு பிளேட். உள்பக்கம் தோலுக்கு அடியில் சதையே கிடையாது, ஷூ போட்டால் உரசுகிறது. வைக்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஆர்த்தோ_கோவை: ராடை முழங்கால் பக்கமிருந்து இறக்குவதால் பலருக்கு அங்கே வலி, சம்மணம் போடச் சிரமம். அதை ஏன் எழுதவில்லை?

கால்_உடைந்தவன்: நான் கேட்டது என் காலைப் பற்றி, சார்.

பிசியோ_மதுரை: பார்த்தீர்களா, நோயாளிக்கும் பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறேன், மூன்றாம் மாதத்தில் 44 நல்லதா, 53 நல்லதா?

ஆர்த்தோ_கோவை: ஆறாம் மாதம்.