உதவி: மாத இதழின் அஞ்சல் பதிவைப் புதுப்பிக்க மறுக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போகலாமா?

அச்சுமை
வணக்கம். எங்கள் இதழின் அஞ்சல் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரி இதழ் அச்சாகி, மடித்து, முகவரிச் சீட்டும் ஒட்டிக் கட்டுக்கட்டாகத் திண்ணையில் கிடக்கிறது. பிரதி 90 கிராம், அந்தப் பதிவு இருந்ததால் இதுவரை 50 காசில் போய்க்கொண்டிருந்தது. சாதாரணக் கட்டணம் என்றால் சந்தாப் பணம் மொத்தமும் தபாலுக்கே போய்விடும். ரிட் போட்டால் இடைக்காலத் தடை கிடைக்குமா? யாராவது ஜெயித்திருக்கிறீர்களா? அவசரம்.

தாழ்வாரம்
முடியாது என்று வாயால் சொன்னார்களா, கடிதம் தந்தார்களா? காரணம் என்ன எழுதியிருக்கிறது? பழைய பதிவு எதுவரை? இதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நெய்தல்வாசி
நேராக உயர் நீதிமன்றம் போங்கள் தோழர். இது கருத்துரிமைப் பிரச்சினை. 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில், ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பத்திரிகையை எழுதும் உரிமை மட்டும் போதாது, அதை வாசகரிடம் கொண்டுபோகும் உரிமையும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

முத்திரை
முப்பது வருடம் அஞ்சல் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அது தடை, இது சலுகை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வழக்கு எண்ணை எடுத்து வீசுவதில் பயனில்லை. கேட்பவரும் விதியைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். பதிவு செய்த செய்தித்தாள் என்ற தகுதிக்கு 1898 அஞ்சல் சட்டத்தின் 9ஆம் பிரிவு வைத்த நிபந்தனைகள் சின்னக் குழந்தைக்கும் புரியும். 31 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் இதழ் வர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும், உள்ளடக்கம் முழுவதுமோ பெரும்பகுதியோ செய்தியாக அல்லது நடப்பு விஷயங்களாக இருக்க வேண்டும். உங்கள் இதழில் எது இல்லை?

குறிஞ்சிப்பூ
அக்கறையோடு கேட்கிறேன், ஆர்.என்.ஐ. எண், அதாவது இந்தியச் செய்தித்தாள் பதிவாளர் தந்த எண், சரியாக இருக்கிறதா? பலர் அதையும் அஞ்சல் பதிவு எண்ணையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

அச்சுமை
ஆர்.என்.ஐ. சரியாக இருக்கிறது, மாத இதழ் என்றுதான் பதிவு. அஞ்சல் பதிவு 2023-25, டிசம்பரோடு முடிந்தது. கோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போன ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் சேர்த்து ஒரே இதழாகப் போட்டோம், அச்சகத்தில் இயந்திரம் பழுது. அதைக் காரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ‘உள்ளடக்கம் பெரும்பாலும் கதை, கவிதை’ என்றும் ஒரு வரி இருக்கிறது.

தாழ்வாரம்
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கூட்டிதழ்தான் உங்கள் பலவீனம், இரண்டாவது காரணத்தில் வாதாட இடம் இருக்கிறது.

நெய்தல்வாசி
இரண்டாவதில் இடம் இருக்கிறது என்பதைவிட, அதுதான் முழு விஷயமும். ஊர் ஆறு வறண்டதைப் பற்றிய கவிதை நடப்பு விஷயம் இல்லையா? அமெரிக்காவில் ‘எஸ்கொயர்’ இதழின் அஞ்சல் சலுகையைத் தபால்துறைத் தலைவர் ரத்து செய்தபோது, எது நல்ல இலக்கியம், எது பொதுநலனுக்கானது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1946இல் தீர்ப்புச் சொன்னது.

முத்திரை
அந்த அமெரிக்கச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1879இல் அவர்கள் எழுதிய நிபந்தனையிலேயே இலக்கியம், அறிவியல், கலை என்று பெயர் சொல்லியிருக்கிறது. நம் 9ஆம் பிரிவில் இலக்கியம் என்ற சொல்லே கிடையாது. கவிதையெல்லாம் நடப்பு விஷயம் என்றால் நாளை நாவலையும் செய்தித்தாள் கட்டணத்தில் அனுப்பலாம் என்பார்கள்.

நெய்தல்வாசி
நாவல் மாதாமாதம் வராது, அதற்குச் சந்தாதாரர் பட்டியலும் இல்லை. தமிழில் எத்தனை சிற்றிதழ்கள் இந்தச் சலுகையால் உயிர் வாழ்ந்தன என்று உங்களுக்கே தெரியும். தலையங்கம், நூல் மதிப்புரை, கூட்ட அறிக்கை, வாசகர் கடிதம் இவையெல்லாம் கணக்கில் வராதா?

குறிஞ்சிப்பூ
இருவரும் சற்று நிறுத்துங்கள், அவர் திண்ணையில் கட்டு கிடக்கிறது.

தாழ்வாரம்
அச்சுமை, நான் ஒரு இதழுக்கு இந்த வேலையைப் பார்த்தவன். முதலில் கடிதத்தில் எந்தச் சட்டம், எந்த விதி என்று எழுதியிருக்கிறது பாருங்கள். 1898 சட்டம் போய், 2023 அஞ்சல் சட்டம் 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. பழைய பிரிவையே காட்டியிருந்தால் அதையும் மனுவில் கேளுங்கள். மறுக்கும் முன் உங்களுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்தார்களா? தரவில்லை என்றால் அதை முதல் பத்தியில் வையுங்கள். மனு கோட்டத்துக்கு மேலே உள்ள அஞ்சல் துறைத் தலைவருக்குப் போகட்டும். போன வருட இதழ்கள் எல்லாவற்றையும் இணைத்து, ஒவ்வொன்றிலும் கட்டுரை எத்தனை பக்கம், கவிதை எத்தனை பக்கம் என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள், அச்சகக் கடிதமும் வேண்டும். அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் மேலே முறையிட்டாயா என்பதுதான் அங்கே முதலில் வரும் கேள்வி.

இன்னொன்று, ஜனவரி இதழில் பழைய பதிவு எண் அச்சாகியிருக்குமே? காலாவதியான எண்ணோடு அனுப்பாதீர்கள், அது தனி வம்பு. இந்த மாதம் சாதாரணக் கட்டணத்தில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நஷ்டம் என்பதற்கு அதுவே சாட்சி.

முத்திரை
ரசீது விஷயம் சரி. கூட்டிதழ் மட்டும் இனி வேண்டாம். தாமதமானாலும் இரண்டு தேதி, இரண்டு எண் போட்டுத் தனித்தனியாகக் கொண்டுவாருங்கள், பக்கம் குறைந்தால் குறையட்டும்.

அச்சுமை
எண் பின்னட்டையில் இருந்தது. நேற்று இரவு நான்கு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் வெள்ளைச் சீட்டு ஒட்டி மறைத்தோம். இன்று காலை இதழ் போய்விட்டது. மனுவும் கொடுத்தாயிற்று, நகலில் முத்திரை வாங்கிவிட்டேன். கட்டுரை பக்கம் எண்ணியதில் பாதிக்கு மேல் வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

குறிஞ்சிப்பூ
நல்லது. பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், நாங்களும் மார்ச்சில் விண்ணப்பிக்க வேண்டும்.

தாழ்வாரம்
அச்சுமை, ஏதாவது தெரிந்ததா? மூன்று வாரம் ஆகிறது.