ட்ரீம் தியேட்டர் மெட்டல் இசைக்குழுவின் ஆல்பங்கள்: உங்கள் வரிசை என்ன?

ஏழுதந்தி:
டிரம்மர் போர்ட்னாய் குழுவுக்குத் திரும்பி வந்து 2025இல் ‘பாராசோம்னியா’ வெளியானதும் பழைய ஆல்பங்களையெல்லாம் மறுபடி கேட்டேன். எனக்கு முதலிடம் ‘அவேக்’ (1994), அப்புறம்தான் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’. இதைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். கெவின் மூர் இந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த கடைசி ஆல்பம் ‘அவேக்’. மனிதர் தேவையில்லாமல் ஒரு சுரம்கூட வாசிக்க மாட்டார். கிட்டாரிஸ்ட் பெட்ருச்சி ஏழு தந்தி கிட்டாரைக் கையில் எடுத்ததும் அதில்தான். சரி, கச்சேரிப் பதிவுகளில் எது உங்களுக்குப் பிடித்தது?

மெட்ரோபோலிஸ்வாசி:
மூர் பக்தர்கள் திருந்தவே மாட்டீர்கள்! என் ஓட்டு ‘சீன்ஸ்’ பக்கம். அதில் கீபோர்டு வாசித்த ரூடெஸ் இல்லாமல் அந்த வேகம் ஏது? 2000 ஆகஸ்டில் நியூயார்க் ரோஸ்லேண்ட் அரங்கில் முழு ஆல்பத்தையும் பாடகர் குழுவோடு வாசித்தார்கள். அந்தப் பதிவு வெளியான நாள் 2001 செப்டம்பர் 11. அட்டையில் தீப்பற்றிய நியூயார்க்! உடனே திரும்பப் பெற்று அட்டையை மாற்றினார்கள்.

நள்ளிரவுரசிகன்:
கச்சேரி என்றால் ‘ஸ்கோர்’தான். 2006 ஏப்ரல் 1, ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், இரண்டாம் பாதியில் ஆர்க்கெஸ்ட்ரா. 24 நிமிடப் பாடலான ‘ஆக்டவேரியம்’ அங்கே வேறு உயரத்துக்குப் போகிறது. ஸ்டுடியோ வடிவத்தை அதன்பிறகு நான் தொடவில்லை.

ஏழுதந்தி:
‘ஸ்கோர்’ ஒப்புக்கொள்கிறேன். ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ (1992) ஆல்பம் உங்கள் இருவர் பட்டியலிலும் இல்லையே? அதில் வரும் அந்த ஸ்னேர் டிரம் சத்தம்தான் காரணமா?