கைபேசிக்கு வரும் அஞ்சல் கணினிக்கு வரவில்லை: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் என் சித்தப்பாவுக்கு வெளியூர் ஆர்டர்கள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. எங்கள் அஞ்சலை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தார் சேவையகத்தை மாற்றியது முதல், கடைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் அஞ்சலை எடுக்கப் போனாலே 'உள்நுழைவு தோல்வி' என்று வந்து நிற்கிறது.

கடவுச்சொல் தவறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே கடவுச்சொல்லில் உலாவி வழியாக உள்ளே போக முடிகிறது. அதே வைஃபையில் சித்தப்பாவின் கைபேசிக்கும் அஞ்சல் வருகிறது. ஆகவே எங்கள் ஐபி முகவரியைத் தடுத்திருக்கவும் வாய்ப்பில்லை. கணினியில் உள்ள அமைப்பு இது: அஞ்சல் எடுக்கும் முறை ஐமேப், போர்ட் 993, இணைப்பை மறையாக்க எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். பயனர் பெயர் முழு முகவரிதான். சேமித்திருந்த கடவுச்சொல்லை அழித்துப் புதிதாகக் கொடுத்தாயிற்று. அஞ்சல் எடுக்கும் இன்னொரு முறையான பாப்3 வழியாக, போர்ட் 995-இல் முயன்றாலும் அதே பதில்.

எனக்குச் சந்தேகம் அங்கீகார முறையின் மேல்தான். கணினியில் அது 'மறையாக்கப்பட்ட கடவுச்சொல்' என்று, அதாவது கடவுச்சொல்லை அனுப்பாமல் அதைக் கொண்டு கணித்த விடையை மட்டும் அனுப்பும் கிராம்-எம்டி5 என்று இருக்கிறது. அதற்குச் சேவையகம் கடவுச்சொல்லை மூல வடிவிலோ, அம்முறைக்கென்றே கணித்த வடிவிலோ வைத்திருக்க வேண்டும். புதிய சேவையகத்தில் வேறு வகை ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணித்த, மூலத்தைத் திரும்பப் பெற முடியாத குறியீடு) மட்டும் இருந்தால் எதைக் கொண்டு ஒப்பிடும்?

கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் 'சாதாரணக் கடவுச்சொல்' என்று மாற்றலாம் என்றால், "கடையைப் பூட்டாமல் வரச் சொல்கிறாயா?" என்கிறார் சித்தப்பா. டிஎல்எஸ் இணைப்புக்குள் போவதால் பயமில்லை என்பது என் எண்ணம்; விவரம் தெரிந்தவர்கள் சொன்னால்தான் நம்புவார். நிறுவனத்தாரோ கணினியை அணைத்துப் போடுங்கள் என்பதைத் தாண்டவில்லை. சேவையகப் பதிவுகளில் எதைப் பார்க்கும்படி அவர்களிடம் கேட்க வேண்டும்?